உப்பு ஏறிய ஜல்லி

ஜல்லியை வாயில் போட்டுப் பார்க்கிற பழக்கம் கட்டட வேலையில் கிடையாது. கையில் அள்ளி, கல் ஒரே அளவாக இருக்கிறதா, தூசி அதிகமா என்று பார்ப்போம். அவ்வளவுதான். கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த வீட்டு வேலையின்போது மட்டும் நாங்கள் எல்லோரும், படுக்கையில் கிடந்த மனிதர் உட்பட, ஜல்லிக் கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் மேஸ்திரி. பெரிய கட்டடமெல்லாம் இல்லை. லாரி நுழையாத சந்துகளில், பெரிய ஒப்பந்தக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடங்களில், சின்ன வீடுகளை எடுத்துக் கட்டித் தருவார். நான் அவர் கூடவே வேலைக்குப் போகிறவள். சட்டி சுமப்பேன், செங்கல் நனைப்பேன், ஆட்களுக்குச் சாயா போடுவேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன் என்பதால் சிமென்ட் கடையில் பேச என்னை அனுப்பிப் பார்த்தார். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. கடைக்காரர் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டால் திரும்பி வந்துவிடுவேன். அதனால் அந்த வேலையும் அவர் தலையில்தான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வெகுகாலம் காயலுக்கு அக்கரையில் கலூர்ப் பக்கம்தான் இருந்தோம். இந்த வீட்டு வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் மட்டாஞ்சேரியில் ஓர் அறை எடுத்தோம். தோட்டை ஒட்டிய சந்து அது. தோடு என்றால் கடல் உப்பு ஏறும் காயலிலிருந்து ஊருக்குள் வரும் வாய்க்கால்.

வீட்டின் சொந்தக்காரர்கள் பல தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேசுவது தமிழ்தான், பாதி மலையாளம் கலந்திருக்கும். அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்பேன்; வீட்டிலிருந்தே துணி தைப்பார். அவர் கணவர் மிளகும் சுக்கும் அடுக்கும் கிடங்கில் மூட்டை சுமந்தவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாள் மேலிருந்து ஓடும் மரத்துண்டும் விழுந்தன. உத்தரமெல்லாம் கரையான். இனி இந்தக் கூரையின் கீழ் படுக்க வைக்க முடியாது என்று அக்கா வீட்டை இடிக்கச் சொன்னார். ஒரே மகள் ஏலூரில், மாடியில் ஓர் அறையில் குடியிருந்தாள். அந்தப் படிக்கட்டில் கட்டிலும் ஏறாது, அவரும் ஏற மாட்டார். வாடகைக்குக் கேட்ட இடங்களில் படுக்கையில் கிடக்கிற ஆள் என்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள். அதனால் வளவின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, அங்கே அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

முதல் நாளே படுக்கையில் கிடந்தபடி அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேஸ்திரியே, ஓடு விழுந்து சாகண்டான்னு சொல்லி வீட்டப் பொளிச்சாச்சு. இப்ப கொசு கடிச்சு சாகுறேன். சீக்கிரம் ஆகட்டும், கேட்டோ."

"மழைக்கு முன்ன தளம் போட்டுத் தந்திருதேன் அண்ணாச்சி."

"உன் பொண்டாட்டிக்கு நாக்கு உண்டா? இல்ல நாட்டுல வச்சிட்டு வந்தாளா?"

"இருக்கு அண்ணாச்சி. வீட்டுக்குள்ள நல்லாவே வேலை செய்யும்."

அவர் சிரித்தது பாதி முகத்தில் மட்டும் தெரிந்தது.

மழைக்கு முன்னால் ஒரு கூரைத் தளம். கேட்டால் பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் அஸ்திவாரம் தோண்டியபோதே தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. கறுப்புச் சேறு. காலையில் வாரிப்போட்டால் சாயங்காலம் குழி மறுபடி நிறைந்திருக்கும். அதிலேயே எத்தனையோ நாள் போயிற்று. சுவர் எழும்பிய நேரத்தில் எங்களோடு இருந்த வங்காளத்துப் பிள்ளைகள் ஓட்டுப் போட ஊருக்கு ரயில் ஏறினார்கள். திரும்பி வருகிறோம் என்றார்கள். இரண்டு பேர்தான் வந்தார்கள். எப்படியோ தளத்தைத் தாங்கச் சென்ட்ரிங் பலகை அடித்து, அடியில் கம்புகளை முட்டுக் கொடுத்து, மேலே கம்பியும் கட்டி முடித்தோம். இனி கான்கிரீட் கொட்ட வேண்டியதுதான். அந்த வாரம் பார்த்து குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜல்லி இல்லை, பாறையைப் பொடித்து எடுக்கும் எம் சாண்டும் இல்லை. ஆற்று மணல் என்ற பேச்சே இப்போது கிடையாது. என் வீட்டுக்காரர் எழுந்ததும் போனை எடுப்பார். கடை கடையாகக் கூப்பிடுவார். "மெட்டல் எவிடெயும் இல்லா மேஸ்திரி" என்று அந்தப் பக்கம் சொல்வது எனக்கே கேட்கும். அங்கே ஜல்லியை மெட்டல் என்பார்கள். கட்டி வைத்த கம்பி கடல் காற்றில் நாளுக்கு நாள் சிவந்துகொண்டு வந்தது.

வேலைநிறுத்தம் முடிந்து டிப்பர் வந்தபோது வானம் மேற்கே இருட்டத் தொடங்கியிருந்தது. டிப்பர் சந்துக்குள் நுழையாது. டிரைவர் சந்து முனையில், தோட்டின் கரையில், ஜல்லியையும் எம் சாண்டையும் கொட்டிவிட்டுப் போனார். மறுநாளே கான்கிரீட் வார்ப்பு என்று ஏற்பாடு. மிக்ஸர் மெஷினும் அந்த முனையில்தான் நிற்கும். கலவையைச் சட்டிச் சட்டியாகக் கைமாற்றி வீட்டுக்குக் கொண்டு போகலாம். அதனால் குவியலை உள்ளே சுமக்க வேண்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் தீர்மானித்தார். சுமக்க ஆளும் இல்லை.

அக்கா மட்டும் வந்து பார்த்துவிட்டு, "தோட்டுப் பக்கமாகிப் போச்சே" என்றார்.

"தண்ணி ஏறுமா சேச்சி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"விருச்சிகத்துல ஏறும். இது இடவமல்லே. இப்ப ஏறாது."

விருச்சிகம் என்றால் நம் கார்த்திகை. இடவம் வைகாசி. பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறவர் சொல்கிறார் என்று நாங்கள் நிம்மதியானோம். குவியலின் மேல் தார்ப்பாய் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் செங்கல் வைத்தோம். எங்களுக்கு மேலேயிருந்து வருகிற தண்ணீரைத்தான் தெரியும். மழை பெய்தால் மூட வேண்டும், அதுதான் நாங்கள் கற்ற பாடம். தண்ணீர் தரையோடு தரையாக நடந்து வந்து சாமானை எடுத்துக்கொண்டு போகும் என்று எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் புத்தியில் ஏறாது.

வார்ப்பு நாளில் வீட்டுக்காரர்கள் ஆட்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுவது வழக்கம். அக்கா விடியும்போதே கோழி வாங்கி வந்திருந்தார். பக்கத்து வீட்டு அடுப்படியைக் கேட்டு வாங்கி, நான் வெங்காயம் உரிக்க, அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அன்றுதான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தார்.

சந்திலிருந்து ஒரு குரல் கத்தியது: "சேச்சீ, தோடு ஏறிட்டுண்டு!"

ஓடினோம். சந்து முனை முழுவதும் தண்ணீர். கெண்டைக்கால் அளவு, கறுப்பாக, பாசியும் பிளாஸ்டிக் குப்பியுமாக மிதந்துகொண்டிருந்தது. அமாவாசைக் கடல் ஏற்றமும் மேற்குக் காற்றும் சேர்ந்து காயலைத் தள்ளிவிட்டிருந்தன. எம் சாண்ட் குவியல் கரைந்து பரந்து கிடந்தது. ஜல்லிக் குவியலின் அடி முழுவதும் தண்ணீருக்குள். மேலே நாங்கள் விரித்த தார்ப்பாய் மட்டும் நனையாமல் நேர்த்தியாக இருந்தது.

என் வீட்டுக்காரர் அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார். துப்பினார். கொஞ்சம் மேலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதையும் துப்பினார்.

கான்கிரீட் கோஷ்டி வந்து இறங்கியது. திண்டுக்கல் பக்கத்து ஆட்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தார். "வத்துனதும் போட்டுரலாம்ணே. சிமென்ட ரெண்டு மூட்டை கூடப் போடு. எத்தனை வீட்டுல இப்படிப் போட்டிருக்கோம்."

"உப்பு ஏறியிருக்குப்பா."

"ஏறட்டும். நாளைக்கு நாங்க வேற எடம். அப்புறம் மழை பிடிச்சா எப்ப விடும்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு, "உப்புண்டு" என்றார். "ஆனாலும் வார்க்கு மேஸ்திரி."

"வேண்டாம் சேச்சி. உள்ளேயே கம்பி துருப்பிடிச்சு வீங்கும். கான்கிரீட்ட உடைச்சுக்கிட்டு வரும். ஒரு வீட்டுல நான் கண்ணால பாத்திருக்கேன். தொட்டில் கட்டுற எடத்துல விழுந்துச்சு. பிள்ள அன்னைக்கு அதுல இல்ல."

"எத்தர வருஷம் நிக்கும்?"

"அதெப்படிச் சொல்லுவேன்? எட்டோ, பத்தோ."

"மதி, போதும். அவருக்கு அது தாராளம்." அக்கா தண்ணீரில் இன்னும் கிட்டே வந்தார். "அவருக்கு வேண்டியது இந்த ஒரு மழை, மேஸ்திரி. இந்த ஒரு மழை மட்டும். வார்க்கு. நான் கை கூப்பிச் சொல்லுறேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? மெஷின் வந்துவிட்டது, ஆட்கள் நிற்கிறார்கள், கோழிக் குழம்பு கொதிக்கிறது. எல்லாம் கூடி வந்த ஒரே நாள் அது.

பின்பக்கத்திலிருந்து அண்ணாச்சி கூப்பிடுவது கேட்டது. சந்தில் நடந்த சத்தமெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. "எனக்கும் ஒரு கல்லு கொண்டா" என்றார். நான் கொண்டுபோய் அவருடைய நல்ல கையில் வைத்தேன். அக்காவும் என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்கள். வாயில் போட்டுப் புளியங்கொட்டையைப் போல ஒதுக்கிக்கொண்டார்.

"கறிக்கு உப்பு சரியான பாகம். காரம் போதாது."

யாரும் சிரிக்கவில்லை. கல்லை எடுத்து என்னிடம் தந்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "எனக்குப் பின்ன இந்த வீடு யாருக்கு?"

"மோளுக்கு. வேற யாருக்கு?"

"அவ குட்டிகள் இதுக்கு அடியில படுக்குமல்லோ."

அண்ணாச்சி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"வேண்டா மேஸ்திரி. ஆள அனுப்பு."

"மழையில கிடப்பீங்களோ நீங்க?" என்று அக்கா கத்தினார்.

"மூட்டை சுமந்தப்ப குடை பிடிச்சா சுமந்தேன்?"

அதோடு முடிந்தது. மெஷினைத் திருப்பி அனுப்பினோம். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாழையிலைகளைக் கொண்டுவந்து போட்டார். வேலை செய்யாமல் சாப்பிடுவதா என்று கோஷ்டி தயங்கியது. "இரிக்கு. உங்களுக்குன்னு வச்சது. ரெண்டு வாய்க்கு எதுக்கு இத்தன சோறு?" என்று அக்கா அதட்டியதும் உட்கார்ந்தார்கள். தலையைக் குனிந்தே சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

உப்பு ஏறிய கல்லை நல்ல தண்ணீரில் கழுவினால் சரியாகும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அந்தச் சந்தில் குழாயில் தண்ணீர் நூல்போல வரும். பெண்கள் குடத்தோடு காத்துக் கிடப்பார்கள். நான் இரண்டு குடம் பிடித்து ஜல்லியின் மேல் ஊற்றியபோது ஒருத்தி கேட்டாள்: "குடிக்கான் வெள்ளமில்லா. நீ கல்லினெ குளிப்பிக்குகயாணோ?" நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது கல்லைக் குளிப்பாட்டுகிறாயா என்று அவள் கேட்டது நியாயம்.

மறுநாள் மழை வந்தது. எந்த மழைக்கு முன்னால் தளம் போட நினைத்தோமோ, அதே மழை. கல்லைக் கழுவ வேறு தண்ணீர் இல்லாததால் அதையே பயன்படுத்திக்கொண்டோம். குவியலைச் சட்டியில் அள்ளி வளவுக்குள் சுமந்து, பழைய தகரங்களின் மேல் மெல்லியதாகப் பரப்பினோம். என் வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு மண்வெட்டியால் கிளறிக் கொடுப்போம். மழை கழுவும். காலையில் நாக்கில் வைத்துப் பார்ப்போம். ஜல்லி சீக்கிரம் விட்டுவிட்டது. எம் சாண்ட்தான் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றது.

தார்ப்பாய்க் கொட்டகைக்குள் அடியில் தண்ணீர் ஊறியது. ஒரு மத்தியானம் சந்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து அண்ணாச்சியைக் கட்டிலோடு தூக்கி, சுவர் மட்டும் எழும்பியிருந்த வீட்டுக்குள், சென்ட்ரிங் பலகைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றிலும் முட்டுக் கம்புகள். கட்டில் நேராக நுழையவில்லை. சாய்த்து, திருப்பி, ஒரு கம்புக்கும் இன்னொரு கம்புக்கும் இடையில் செருகுவதுபோல வைத்தோம். மேலே கம்பிக்கு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். ஆனாலும் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டியது. வெறும் தண்ணீர் அல்ல, துருத் தண்ணீர். அவர் போர்வையில் செம்மண் நிறத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அக்கா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சட்டை தைப்பார். அவர் வெளியே போகிற நேரங்களில் நான் உட்காருவேன்.

"நல்ல காடு" என்று அண்ணாச்சி ஒரு நாள் முட்டுகளைக் காட்டிச் சொன்னார். "புலி எப்ப வரும்?"

எனக்கு என்ன தோன்றியதோ, "புலிக்கும் கோழிக் குழம்பு வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன்.

"அம்மே! நாக்கு உண்டு!" என்றார். இருமல் வந்துவிட்டது. அது எளிதில் அடங்கவில்லை.

எம் சாண்டிலும் உப்பு போன பிறகும் மழை விடவில்லை. கான்கிரீட் போட ஒரு பகல் காய்ந்து கிடைத்தால் போதும். அதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ஆள் வேண்டும். திண்டுக்கல் கோஷ்டி போனை எடுப்பதில்லை. என் வீட்டுக்காரர் விடியற்காலை படகில் அக்கரை போய், கலூரில் ஆட்கள் வேலைக்கு நிற்கிற இடத்தில் நிற்பார். முன்பு அவரே வேலை கேட்டு நின்ற இடம். இப்போது ஆள் கேட்டு நின்றார். முன்பு அங்கே ரோட்டையே அடைத்துக்கொண்டு நம் ஆட்கள் நிற்பார்கள். இப்போது அங்கொருவர் இங்கொருவர். மழையில் கான்கிரீட்டா, உள் பூச்சு வேலை இருந்தால் சொல்லு என்பார்கள். நனைந்து திரும்பி வருவார்.

ஒரு நாள் அப்படி வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கே போட்டிருக்கலாமோ பிள்ள?"

நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"போட்டிருந்தா இந்நேரம் நனையாமக் கெடப்பாரு. பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு யாரு கண்டா? நான் என்ன பெரிய இஞ்சினியரா?"

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழுதாரா, தலையிலிருந்து மழைத் தண்ணீர் வடிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று போட்டிருந்தால் சரி என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. போடாதது சரி என்றும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அண்ணாச்சிக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. நாற்காலியில் உட்கார வைத்து, சந்துத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போய், ஆட்டோவில் ஏற்றி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் அங்கே இருந்தபோதுதான் ஒரு வெளுத்த பகல் வந்தது. வெயில் இல்லை, மழையும் இல்லை. கிடைத்த ஆட்களை என் வீட்டுக்காரர் கூட்டி வந்தார். பாதிக் கோஷ்டிகூட இல்லை. கிடங்கில் அண்ணாச்சியோடு மூட்டை சுமந்தவர்கள் கேள்விப்பட்டு வந்து சட்டி வாங்க நின்றார்கள். எல்லோரும் வயதானவர்கள். கழுவிய ஜல்லியையும் எம் சாண்டையும் சந்து முனையில் நின்ற மெஷினுக்குச் சுமந்தோம்; கலவை கை மாறி மாறி சந்து முழுவதும் போயிற்று. கடைசி மூலையை மட்டம் தட்டும்போது தூறல் விழுந்தது. தார்ப்பாயை விரித்து மூடினோம். அன்று சாப்பாடு இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில். நான் பால் இல்லாத கட்டன்சாயா போட்டு பன் கொடுத்தேன்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு அண்ணாச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சு போயிருந்தது. கண் மட்டும் எல்லாரையும் அறிந்தது. மறுபடி அதே முட்டுகளுக்கு நடுவே கட்டில். தளம் இறுகும் வரை பலகையையும் முட்டுக் கம்பையும் எடுக்கக் கூடாது.

"மேல பாருங்க. வார்த்தாச்சு. உங்க தளம்" என்றார் அக்கா.

அவர் மேலே பார்த்தார். கீழேயிருந்து பார்த்தால் வார்த்ததும் வார்க்காததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே பலகை, அதே கம்பு. தளம் காயாமலிருக்க மேலே கட்டி வைத்த தண்ணீர் இடுக்கு வழியாக அங்கங்கே சொட்டிக்கொண்டும் இருந்தது. அவர் அக்காவைப் பார்த்த பார்வையில், என்னை எதற்கு ஏமாற்றுகிறாய் என்பது இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா வெளியே வந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார். "ஒரே ஒரு பலகை மேஸ்திரி. அவர் பாக்கட்டே."

"நாள் ஆகல சேச்சி."

"அவருக்கும் நாள் இல்லல்லோ."

என் வீட்டுக்காரர் உள்ளே போய் வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். சுவரோரம், பெரிய பலகை எட்டாத இடைவெளியை அடைக்கச் செருகிய சின்னத் துண்டு ஒன்று இருந்தது. அதில் எந்த முட்டும் இல்லை, பாரமும் இல்லை. ஸ்டூலில் ஏறி அதை மட்டும் மெதுவாக நெம்பி எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் தெரிந்தது. ஈரமாக, சாம்பல் நிறத்தில், பலகையின் ரேகை பதிந்து. அக்கா அண்ணாச்சியின் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல கையைத் தூக்க முயன்றார், எட்டவில்லை. நான் ஒதுங்கி வெளியே வந்துவிட்டேன்.

பலகை பிரிப்பதற்கு முன்பே அண்ணாச்சி போய்விட்டார். முட்டுகளுக்கு இடையில் பாடை நுழையவில்லை. ஒரு போர்வையில் ஏந்தி, ஒவ்வொரு கம்பையும் சுற்றிச் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். வாசலில் என் வீட்டுக்காரர் ஒரு முட்டுக் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது இடித்துவிடுவார்கள் என்று பயமா, நிற்க முடியாமலா, நான் கேட்கவில்லை.

பலகையைப் பிரித்தபோது தளம் நன்றாகவே நின்றது. அண்ணாச்சி பார்த்த அந்தச் சின்ன இடம் மட்டும் நிறம் மாறித் தனியாகத் தெரிந்தது. பூச்சு வேலையில் என் வீட்டுக்காரர் அந்த மூலைக்கு வந்ததும் அக்கா, "அந்த எடம் மட்டும் விட்டிரு மேஸ்திரி" என்றார்.

"பூசாம விட்டா உப்புக்காத்து ஏறும் சேச்சி."

"ஏறட்டே" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் பூச்சுக் கரண்டியைக் கலவைச் சட்டியில் வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார்.